கல் சிங்கத்தை எழுப்புவது யார்?

செர்கேய் ஐசன்ஸ்டைன் எடுத்த 'போர்க்கப்பல் பொடெம்கின்' படத்தில் மூன்று பளிங்குச் சிங்கங்கள் வரும். முதல் சிங்கம் தூங்குகிறது. இரண்டாவது தலையைத் தூக்கிப் பார்க்கிறது. மூன்றாவது முன்னங்காலை ஊன்றி எழுந்திருக்கிறது. ஒடெஸா துறைமுகத்தில் நிற்கும் கப்பலிலிருந்து பீரங்கி முழங்கியதும் இந்த மூன்றும் அடுத்தடுத்துத் திரையில் வந்து மறைகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு மூன்று சிங்கம் தெரிவதில்லை. தூங்கிக் கிடந்த ஒரே கல் சிங்கம், இனியும் பொறுக்க முடியாது என்று எழுந்ததாகவே தெரிகிறது.

உண்மையில் அவை கிரைமியாவில் அலுப்கா என்ற ஊரின் அரண்மனைப் படிக்கட்டில் இருக்கும் மூன்று தனித்தனிச் சிலைகள். 1925-ல் படம் எடுத்தபோதும் அவை அசையவில்லை, இன்றைக்கும் அசையவில்லை. படச்சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஃபிரேம் ஃபிரேமாகத் தேடினாலும் சிங்கம் எழுந்திருக்கும் ஒரு படம்கூட அதில் கிடைக்காது. அப்படியானால் சிங்கம் எங்கேதான் எழுந்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் புரொஜெக்டர் அறையில் தொடங்கி, நம் மூளைக்குள் நுழைந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மூச்சு வரைக்கும் போகவேண்டியிருக்கும். கையில் இருக்கும் செல்போனிலேயே உலகத்துப் படமெல்லாம் கிடைக்கும் காலத்தில், வடசென்னையின் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் ஒரு திரைப்படச் சங்கம் எதற்கு என்பதற்கான பதிலும் போகிற வழியிலேயே கிடைத்துவிடும்.

சங்கங்கள் வளர்த்த படம்

'பொடெம்கின்' படத்துக்கும் ஃபிலிம் சொசைட்டிகளுக்கும் பழைய உறவு. 1925-ல் லண்டனில் தொடங்கிய ஃபிலிம் சொசைட்டியின் முதல் உறுப்பினர் பட்டியலில் பெர்னார்ட் ஷாவும் எச்.ஜி. வெல்ஸும் இருந்தார்கள். அவர்களோடு உயிரியல் அறிஞர்கள் ஜூலியன் ஹக்ஸ்லியும் ஜே.பி.எஸ். ஹால்டேனும் இருந்தார்கள். பின்னாளில் இந்தியாவுக்கே வந்து குடியேறி, இந்தியக் குடிமகனாகி, புவனேசுவரத்தில் காலமான அதே ஹால்டேன்தான். பிரிட்டனில் பொதுமக்களுக்குக் காட்டத் தடை செய்யப்பட்டிருந்த 'பொடெம்கின்' படத்தை அந்தச் சங்கம் 1929 நவம்பரில் தன் உறுப்பினர்களுக்குக் காட்டியது. அன்றைக்கு அதோடு சேர்த்துக் காட்டிய இன்னொரு படம் ஜான் கிரியர்சனின் 'டிரிஃப்டர்ஸ்'. வட கடலில் மீன்பிடிக்கப் போகும் விசைப்படகுக்காரர்களைப் பற்றிய ஆவணப்படம் அது. 'பொடெம்கின்' படத்தில் கலகம் செய்யும் மாலுமிகளும் 'டிரிஃப்டர்ஸ்' படத்தில் வலை இழுக்கும் மீனவர்களும் ஒரே திரையில். காசிமேட்டில் அந்த இரண்டு படங்களையும் போட்டால் யாரும் மேடையேறி விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

1947-ல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ் குப்தாவும் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியபோது முதலில் திரையிட்டதும் 'பொடெம்கின்'தான். 1959-ல் நாட்டின் சங்கங்கள் ஒன்றுகூடிக் கூட்டமைப்பு அமைத்தன. ராய் அதற்குத் தலைவர். அதைத் தொடங்கிய சில சங்கங்களில் மதராஸ் ஃபிலிம் சொசைட்டியும் ஒன்று. பக்கத்தில் கேரளத்தில், தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், 1984-ல் ஒரு திரைப்பட இயக்கத்தைத் தொடங்கி அதற்கு ஒடெஸா என்றே பெயர் வைத்தார். ஊர் ஊராக 16 எம்.எம். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய் சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டி, மக்களிடம் வசூலித்த சில்லறையில் 'அம்ம அறியான்' படத்தை எடுத்து முடித்தார்கள்.

16 எம்.எம். என்ற அந்தச் சின்னச் சுருள் இல்லாவிட்டால் இந்த இயக்கமே இப்படிப் பரவியிருக்காது. அதற்குக் காரணம் வேதியியல். தொடக்க கால 35 எம்.எம். படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. அதே குடும்பத்துப் பொருள்தான் வெடிமருந்தாகவும் பயன்பட்டது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. அதனால் தீ தாங்கும் சுவரும் இரும்புக் கதவும் வைத்த தனி அறை இல்லாமல் படம் ஓட்டக் கூடாது. 1923-ல் கோடாக் நிறுவனம் 16 எம்.எம். சுருளைக் கொண்டுவந்தபோது, எளிதில் தீப்பிடிக்காத அசிட்டேட்டில்தான் செய்தது. பள்ளிக்கூடத்து வகுப்பறையிலும் தொழிற்சங்க அலுவலக மாடியிலும் படம் போட முடிந்தது அதற்குப் பிறகுதான். புனேயில் 1964-ல் அமைந்த தேசியத் திரைப்படக் காப்பகமும் வெளிநாட்டுத் தூதரகங்களும் கொடுத்தனுப்பிய படப்பெட்டிகள் ரயிலில் ஊர் ஊராகச் சுற்றின.

மின்ட் தெரு முதல் தண்டையார்பேட்டை வரை

சினிமா மதராஸுக்குள் நுழைந்த கதையில் நகரின் வடபாதிக்குத்தான் பெரிய பங்கு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார். பாரிமுனையை ஒட்டிய எஸ்பிளனேடில் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். மின்சாரம் எட்டாத ஊர்களில் அக்காலத்து ஊர்சுற்றிப் படக்காரர்கள் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, அது விடும் வெள்ளை வெளிச்சத்தில்தான் படம் ஓட்டினார்கள். மின்ட் தெருவில் ரகுபதி வெங்கய்யாவின் கிரவுன் தியேட்டர் வந்தது. அதே தெருவில் இருந்த கினிமா சென்ட்ரலில்தான் 1931 அக்டோபர் 31 அன்று முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளியானது.

பேச்சு வந்ததோடு ஓர் எண்ணும் வந்தது: 24. ஊமைப்படக் காலத்தில் ஆபரேட்டர் கையால் சுற்றினார். நொடிக்கு 16 ஃபிரேம் போகலாம், 20 போகலாம். கடைசிக் காட்சி என்றால் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இன்னும் வேகமாகவும் போகலாம். படம் வேகம் மாறினால் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. பாட்டின் சுருதியே கலைந்துவிடும். அதனால் பேசும் படத்துக்கு நொடிக்கு 24 ஃபிரேம் என்று கறாராகப் போட்டார்கள்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. புரொஜெக்டரில் வெளிச்சம் விழும் வாசலில் படம் நின்று நின்று போகிறது, ஒலியைப் படிக்கும் இடத்தில் ஒரே சீராக ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. ஆகவே சுருளின் ஓரத்தில், படத்துக்கான ஒலி ஏறக்குறைய 20 ஃபிரேம் முன்னாலேயே பதிவாகியிருக்கும். 16 எம்.எம்.மில் அது 26 ஃபிரேம். கதாநாயகியின் வாய் ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலுமாகவே சுருள் முழுக்க ஓடும். நடுவே ஆபரேட்டர் விடும் வளையத்தின் நீளம் சரியாக இருந்தால்தான் உதடும் சொல்லும் ஒன்று சேரும்.

தண்டையார்பேட்டை அகஸ்தியா மாதிரி ஒற்றைத் திரை அரங்கில் வளர்ந்தவர்களுக்கு கார்பன் காலமும் நினைவிருக்கும். இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து, 3,500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் குச்சி முனை வெள்ளையாக எரியும். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும். ஆபரேட்டர் கவனித்துத் தள்ளிவிடாவிட்டால் திரையில் சண்டைக்காட்சி மங்கி மஞ்சளாகும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். ஆயிரம் அடி ரீல் 11 நிமிஷம்தான் ஓடும். ரீல் முடியப்போகிறது என்பதற்குத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி கண் சிமிட்டும். அதற்குப் பிறகு அடுத்த புரொஜெக்டருக்கு மாற ஏறக்குறைய எட்டு நொடி. அகஸ்தியா 2020-ல் நிரந்தரமாக மூடப்பட்டது.

பாதி நேரம் இருட்டு

புரொஜெக்டரில் வெளிச்சம் விழும் அந்த வாசலில் என்ன நடக்கிறது என்று நெருங்கிப் பார்க்கலாம். நான்கு பள்ளங்கள் கொண்ட சிலுவை வடிவச் சக்கரம் ஒன்று, பற்களால் சுருளைக் கவ்வி ஒரு ஃபிரேம் கீழே இழுக்கிறது, நிறுத்துகிறது, மறுபடி இழுக்கிறது. இதை நொடிக்கு 24 முறை செய்கிறது. இழுக்கும் நேரம் நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் வெளிச்சம் விழுந்தால் திரையில் படம் கோடு கோடாக வழியும். அதனால் அப்போது ஒரு தகடு சுழன்று வந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். 24 முறை மட்டும் மறைத்தால் திரை கண்ணைக் குத்துவதுபோலத் துடிக்கும். எனவே ஃபிரேம் அசையாமல் நிற்கும்போதும் தகட்டின் இன்னொரு இதழ் வந்து ஒருமுறை மறைக்கும். ஆக ஒவ்வொரு படமும் இருமுறை மின்னி, நொடிக்கு 48 மின்னல். அந்த வேகத்தில் கண் துடிப்பை உணர்வதை ஏறக்குறைய விட்டுவிடுகிறது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் திரையில் ஏறக்குறைய பாதி நேரம் ஒன்றுமே இல்லை. இரண்டு மணி நேரப் படத்துக்குக் காசு கொடுத்தவர் ஒரு மணி நேரம் வெறும் இருட்டைத்தான் பார்த்துவிட்டு எழுந்து வருகிறார், அது தெரியாமலே. ஓர் ஈ அந்த அரங்கில் இருந்தால் ஏமாறாது. அதன் கண்ணுக்கு நொடிக்கு 200 மின்னலைக்கூடப் பிரித்துப் பார்க்கத் தெரியும். நாம் கண்ணீர் விடும் காட்சி அதற்கு இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரும் புகைப்படக் கண்காட்சி.

இன்றைய டிஜிட்டல் புரொஜெக்டரில் சிலுவைச் சக்கரமும் இல்லை, தகடும் இல்லை. 2கே புரொஜெக்டரின் சில்லில், கண்ணுக்குத் தெரியாத 22 லட்சம் கண்ணாடிகள் இருக்கும். புள்ளிக்கு ஒரு கண்ணாடி. ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அப்படியும் இப்படியும் சாய்ந்து, வெளிச்சத்தைத் திரைக்கு அனுப்பவோ திருப்பிவிடவோ செய்கிறது. சாம்பல் நிறம் என்று நாம் பார்ப்பதும் பாதி நேரம் வெள்ளை, பாதி நேரம் இருட்டு. இயந்திரம் மாறிவிட்டாலும் மிச்ச வேலையைப் பார்ப்பவரிடமே விடும் வழக்கம் மாறவில்லை.

அசைவு நடக்கும் இடம்

படம் ஏன் அசைவதாகத் தெரிகிறது என்று கேட்டால், விழித்திரையில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்குகிறது, அடுத்தது வந்து அதோடு சேர்ந்துகொள்கிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். பீட்டர் மார்க் ரோஜெட் 1824-ல் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்து வந்த விளக்கம் இது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் போதாது. பிம்பம் தங்குவது மட்டும்தான் காரணமென்றால் ஒன்றன்மேல் ஒன்று படிந்த குழப்பம்தான் தெரியவேண்டும். ஓடும் குதிரை தெரியாது.

1910-ல் மாக்ஸ் வெர்த்தைமர் என்ற இளம் உளவியலாளர் ரயிலில் விடுமுறைக்குப் போய்க்கொண்டிருந்தார். இதுபற்றி ஏதோ பொறி தட்ட, பாதி வழியில் பிராங்க்பர்ட்டில் இறங்கி, படம் காட்டும் பொம்மைச் சக்கரம் ஒன்றை வாங்கி ஓட்டல் அறையிலேயே சோதனையைத் தொடங்கிவிட்டார். 1912-ல் முடிவை வெளியிட்டார். அடுத்தடுத்து இரண்டு கோடுகள் மின்னுகின்றன. நடுவே ஏறக்குறைய 30 மில்லிநொடி இடைவெளி என்றால் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. 200 மில்லிநொடி என்றால் ஒன்று போய் இன்னொன்று வந்ததாகத் தெரிகிறது. 60 மில்லிநொடி அளவில் ஓர் அதிசயம். ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்து போவது கண்ணெதிரே தெரிகிறது. நடுவழியில் எதுவுமே இல்லை. இல்லாத பயணத்தை மூளை போட்டுக்கொடுக்கிறது.

அசைவைப் பார்க்க மூளையின் பின்பக்கத்தில் தனி இடமே உண்டு என்று பிறகு தெரியவந்தது. அது பழுதானால் என்ன ஆகும் என்பதை 1983-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு மருத்துவ அறிக்கை காட்டியது. அதில் சொல்லப்பட்ட பெண்மணிக்கு நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, ஆனால் அசைவு தெரியவில்லை. தேநீரைக் கோப்பையில் ஊற்றினால் ஒழுகும் தேநீர் பனிக்கட்டியாக உறைந்து நிற்கும். கோப்பையில் மட்டம் ஏறுவது தெரியாததால் வழிய விட்டுவிடுவார். தெருவைக் கடக்க நின்றால் தூரத்தில் இருந்த கார் திடீரென்று பக்கத்தில் நிற்கும். உலகமே அவருக்கு அறுந்து அறுந்து ஓடும் பழைய ரீலாகிவிட்டது.

இப்போது சிங்கத்துக்கு வரலாம். ஐசன்ஸ்டைனின் சிங்கங்கள் வெர்த்தைமரின் கோடுகளைவிட அதிக நேரம் திரையில் நிற்கின்றன. ஆகவே அசைவை உணரும் அந்த நரம்புகள் மட்டும் சிங்கத்தை எழுப்பிவிடுவதில்லை. அதற்கு மேலே இன்னொரு தளம் இருக்கிறது: அர்த்தம் தேடும் தளம். லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர், உணர்ச்சியே காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, ஒரு கோப்பை சூப், ஒரு சவப்பெட்டி என்று வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றுதான். பார்த்தவர்களோ பசியை எப்படி நடித்திருக்கிறார், துக்கத்தை எப்படிக் காட்டியிருக்கிறார் என்று மெச்சினார்களாம். தைக்கும்போது இரண்டு துணிகளுக்கு நடுவே நூல் போவதுபோல, இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே பார்ப்பவரின் மனம் போய் வருகிறது. முதல் தளத்து அசைவு எல்லாக் கண்ணுக்கும் இயல்பாக வரும். இரண்டாம் தளம் பழக்கத்தில் வருவது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்தில் அப்பாவும் பையனும் வெயிலில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். 2021-ல் ராட்டர்டாம் விழாவில் உயரிய டைகர் விருது பெற்ற படம். பரபரப்பான வெட்டுகளுக்கு மட்டும் பழகிய கண் அதன் முன்னால் பத்து நிமிஷம் திணறும். பதினோராவது நிமிஷத்தில் புழுதியையும் சூட்டையும் கவனிக்கத் தொடங்கும். திரைப்படச் சங்கத்தில் ஒரு சீசன் முழுக்கப் பலவகைப் படங்களைச் சேர்ந்து பார்ப்பது இந்தப் பழக்கத்தைத்தான் தருகிறது.

சேர்ந்து பார்க்கும் மூளைகள்

மூன்றாவது தளம் பக்கத்து நாற்காலி. 2004-ல் யூரி ஹாசன் என்ற நரம்பியலாளரும் கூட்டாளிகளும், ஸ்கேன் இயந்திரத்துக்குள் சிலரைப் படுக்கவைத்து 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் முதல் அரை மணி நேரத்தைக் காட்டினார்கள். வெவ்வேறு ஆட்களின் மூளைகளில் ஒரே இடங்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கின. பின்னர் படத்துக்குப் படம் ஒப்பிட்டார்கள். ஹிட்ச்காக்கின் ஒரு திகில் கதைக்கு மூளைப் புறணியில் 65 விழுக்காடு ஒத்துப்போனது. முதலில் காட்டிய அந்தக் கௌபாய் படத்துக்கு 45. பூங்காவில் கேமராவைச் சும்மா வைத்து எடுத்த காட்சிக்கு ஐந்துகூட இல்லை. முன்பின் தெரியாத தலைகளை ஒரே தாளத்துக்குக் கொண்டுவர ஓர் இயக்குநரால் முடியும். அதிகம் ஒத்துப்போனால் நல்ல படம் என்று இதற்குப் பொருளில்லை. பார்ப்பவரைத் தன் போக்கில் யோசிக்க விடும் படத்தில் இந்த ஒற்றுமை குறையத்தான் செய்யும்.

கண்சிமிட்டலும் அப்படித்தான். நிமிஷத்துக்கு 15 முறை, ஒவ்வொரு முறையும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் இரண்டு மணி நேரப் படத்தில் 6 நிமிஷம் கண்ணை மூடியிருக்கிறோம். ஜப்பானில் தமாமி நக்கானோ குழு 2009-ல் மிஸ்டர் பீன் காட்சிகளைப் போட்டுப் பார்த்தபோது, பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் சிமிட்டினார்கள். ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்காத அந்த இடுக்கில். முக்கியமானது எதையும் தவறவிடாத தருணத்தை எல்லா மூளையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து, ஒரே முடிவுக்கு வந்திருக்கிறது.

எண்ணூர்க்காரர்களுக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு இன்னொன்று. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோனதன் வில்லியம்ஸ் குழுவினர் 2013-14 குளிர்காலத்தில் ஒரு தியேட்டரிலிருந்து காற்று வெளியேறும் குழாயில் அளவுக்கருவியைப் பொருத்தினார்கள். 16 படங்கள், 108 காட்சிகள், 9,500 பார்வையாளர்கள். படம் பரபரப்பாகும்போதும் சிரிக்கவைக்கும்போதும் காற்றில் கரியமில வாயுவும் ஐசோபிரீனும் குபீரென்று ஏறின. ஐசோபிரீன் நம் உடலே உண்டாக்கும் பொருள். தசை இறுகும்போது மூச்சில் அதிகம் வரும். கதாநாயகி ஆபத்தில் சிக்கும் அதே இடத்தில், வெவ்வேறு நாள் வந்த வெவ்வேறு கூட்டம் அதே கோட்டைக் காற்றில் வரைந்துவிட்டுப் போயிருந்தது.

எண்ணூரில் காற்று என்றால் வேறு நினைவு வரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள். தங்கள் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள் என்று ஆண்டாண்டாகக் கேட்டுவரும் ஊர் அது. அதே காற்று, நல்ல படத்துக்கு நடுவே ஒரு கூட்டம் ஒன்றாக மூச்சைப் பிடித்ததையும் எழுதி வைக்கும் என்பதை அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

கடற்காற்றில் ஒரு திரை

அரங்கு கிடைக்காவிட்டால் கடற்கரையில் போடலாமே என்று தோன்றும். போடலாம், கணக்குத் தெரிந்தால். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகிறது. ஒரு ஃபிரேம் திரையில் இருக்கும் நேரத்தில் அது கடப்பது 14 மீட்டர் சொச்சம். ஒலிபெருக்கியிலிருந்து 14 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு வசனம் ஒரு ஃபிரேம் பிந்தி வரும், 60 மீட்டரில் இருப்பவருக்கு நான்கு ஃபிரேம். நொடியில் எட்டில் ஒரு பங்கு வரை பிந்தினால் நமக்குத் தெரியாது. மின்னலுக்குப் பின்னால்தான் இடி வரும் என்று மூளை பழகியிருக்கிறது. அதுவே ஒலி முந்திக்கொண்டால் உடனே கண்டுபிடித்துவிடும். ஆகவே கடைசி வரிசை 40 மீட்டருக்குள் இருக்கட்டும்.

சாயங்காலம் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். மேலே போகப்போகக் காற்றின் வேகம் கூடுவதால், காற்றோடு போகும் ஒலி தரையை நோக்கி வளையும், காற்றை எதிர்த்துப் போகும் ஒலி வானத்துக்கு வளைந்துவிடும். ஒலிபெருக்கியைக் கடல் பக்கம் வைத்தால் கடைசி ஆளுக்கும் கேட்கும். எதிர்ப்பக்கம் வைத்தால் பின்வரிசைக்கு வாயசைப்பு மட்டும்தான். ஆனால் திரையும் கடல் பக்கம் நின்றால் அது பாய்மரமாகிவிடும். ஆறு மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் உயரமும் உள்ள துணியை மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய 40 கிலோ எடையளவுக்குத் தள்ளும். காற்று இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு. கட்டும் முடிச்சைக் காசிமேட்டு ஆட்களிடம் விட்டுவிடுவது உத்தமம்.

இன்னொரு சிக்கல் துறைமுகத்து உயர்கோபுர விளக்குகள். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. திரையில் கறுப்பு என்பது வெளிச்சம் விழாத வெள்ளைத்துணிதான். பக்கத்தில் பிரகாசமான பகுதி இருப்பதால் மூளை அதைக் கறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. விளக்கு வெளிச்சம் திரையில் பட்டால் படத்தின் இரவெல்லாம் சாம்பலாகிவிடும். கண்டெய்னர் லாரி இரைச்சலையும் கணக்கில் வைத்தால், நாலு சுவரும் கனத்த திரைச்சீலையும் உள்ள ஒரு கூடமே மேல்.

அந்தக் கூடத்தில் தமிழ் எழுத்தும் வேண்டும். ஈரானியப் படத்துக்கு ஆங்கில வரி ஓடினால் பாதிப் பேருக்கு வாசல் சாத்திய மாதிரி. துணைவரி இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, வரிக்கு 40 எழுத்து, அதிகபட்சம் ஆறேழு நொடி என்பது தொழில் வழக்கம். திரையில் எழுத்து வந்தால் கண் தானாகவே அதற்குப் போகும் என்று பெல்ஜியத்தில் ஜெரி டைடவால் நடத்திய சோதனைகள் காட்டின. மொழி தெரிந்தவர்கூட வாசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆகவே நீளமான துணைவரி முகத்தைத் திருடிவிடும். ஊமைப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, வரும் எழுத்தைத் தமிழில் உரக்கச் சொல்லிக் கதையை நடத்திய வழக்கம் நம் ஊரில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் வரும் திரையிடலில் அதை மறுபடி கொண்டுவரலாம்.

கூடத்தைத் திறந்துவிடுங்கள்

2003-லிருந்து நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவின் அரங்குகள் அண்ணா சாலை, ராயப்பேட்டை, மயிலாப்பூர்ப் பக்கம்தான். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் பல ஊர்களில் உலகத் திரைப்பட விழாக்களை நடத்திக் காட்டியிருக்கிறது. வடசென்னையிலும் அதைச் செய்யக் கடன் வாங்கவோ கட்டடம் கட்டவோ தேவையில்லை. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குப் பதிப்புரிமை 60 ஆண்டு. 'பொடெம்கின்', 'டிரிஃப்டர்ஸ்' இரண்டும் அதைத் தாண்டி வெகுகாலமாகிறது. பின்னாளில் சேர்த்த இசை இருந்தால் அதற்கு மட்டும் உரிமையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புதிய சுயாதீனப் படங்களுக்கு இயக்குநருக்கே கடிதம் எழுதலாம். தன் படத்தை வடசென்னையில் நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால் மறுக்கிறவர் குறைவு.

திரைப்படத்தின் பாதி புரொஜெக்டரிலிருந்து வருகிறது. மீதிப் பாதியை இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் செய்கிறார்கள். தனியாகச் செல்போனில் பார்த்தாலும் அசைவு தெரியும், கதை புரியும். கூட்டமாகப் பார்க்கும்போது கிடைக்கும் மூன்றாவது தளம் மட்டும் அதில் கிடையாது, விளக்கு போட்ட பிறகு எழும் சண்டையும் கிடையாது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரில் சமுதாயக் கூடத்தின் சாவி வைத்திருப்பவர்களுக்கு, பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு, தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரே வேண்டுகோள்: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தைத் திறந்துவிடுங்கள். ஒரு படம், அது முடிந்ததும் அரை மணி நேரப் பேச்சு, அவ்வளவு போதும். ஆறு மாதத்தில் ஒரு சங்கம் தானாக அமைந்துவிடும்.